ஆறாவது பெயர்

இரைமீன் வாங்கிய ரசீதின் பின்புறம்
ஏழு கல்லூரிகளின் பெயர் எழுதியிருக்கிறேன்.
ஹெர்ரிங் வாடை போகாத காகிதம்.
ஆறாவது பெயரை மூன்று முறை அடித்து
மூன்று முறையும் திரும்ப எழுதியாயிற்று.
வீட்டிலிருந்து நாற்பது நிமிடம் அது.
மாலையில் திரும்பிவந்து மிதவைக்கு வண்ணம் பூசலாம்.

பெல்கி டீச்சருக்கு மூன்று பள்ளிகள்.
எங்களுக்குச் செவ்வாய் மட்டும்.
எட்டாதது இரண்டு, எட்டுவது மூன்று,
நிச்சயம் கிடைப்பது இரண்டு என்று
பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்.
பதின்மூன்றாவது நிமிடம் கதவருகே டிரென்ட்,
கடற்படை ஆள்சேர்ப்பு உறையோடு.

நிச்சயம் என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்
ஓதத்துக்கு மட்டும்தான்.

தபாலில் தினம் ஒரு வழவழப்பு வருகிறது.
எல்லாக் கல்லூரியிலும் ஒரே மரம், ஒரே அக்டோபர்.
மரத்தடியில் மூன்று பேர் சிரிக்கிறார்கள்,
மடியில் விரித்த புத்தகத்தை யாரும் பார்ப்பதில்லை.
மழை பெய்யும் கல்லூரி ஒன்றுகூட இல்லை.
மழையில் அந்த மரத்தடி எப்படியிருக்கும் என்று
யாராவது காட்டினால்
அங்கேயே போய்ச் சேர்ந்துவிடுவேன்.

டெல்ஃபீன் போடும் இடத்துக்குப் போடக்கூடாது
என்றுதான் முதலில் இருந்தேன்.
பிறகு அவள் போடும் இடமெல்லாம் போட நினைத்தேன்.
"நீ எங்கெல்லாம்?" என்று கேட்டாள்.
இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.
அவளும் அதையே சொன்னாள்.
பேருந்தில் ஆளுக்கொரு ஜன்னல் பிடித்து
பத்து மைல் பைன் மரம் பார்த்தோம்.

ஒரு விண்ணப்பத்துக்கு எழுபத்தைந்து டாலர்.
கட்டண விலக்குப் படிவம் அப்பாவின் மாத வருமானம் கேட்டது.
"எந்த மாதம்?" என்றார்,
கிண்டல் இல்லாமல்.
ஆகஸ்டில் அவர் ஒரு மனிதர், பிப்ரவரியில் இன்னொருவர்.
படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது.

பிறகு கட்டுரை. நீ சந்தித்த தடை,
அறுநூற்றைம்பது சொல்லுக்குள்.
வயட்டைப் பற்றி எழுது, படிப்பவர் அழுதுவிடுவார்
என்று பெல்கி டீச்சர் சொன்னார்:
கூண்டுக்கயிறு கணுக்காலைச் சுற்றி
அண்ணனைக் கடலுக்குள் இழுத்த காலை.
உயிரோடுதான் இருக்கிறான். பக்கத்து அறையில்
வீடியோ கேமில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான்.
கேட்டேன்.
"எழுதிக்கோ. நான் கத்தினதை மட்டும் எழுதாதே."
அதை விட்டால் அந்தக் காலையில் என்ன மிச்சம்?
எங்கள் மிதவையின் நிறத்தைப் பற்றி எழுதினேன்:
மஞ்சள், நடுவே கறுப்புப் பட்டை.
நானூறு சொல்லில் தீர்ந்துபோனது.

நேற்றிரவு அப்பா சாப்பாட்டு மேசையில்
கடல் வரைபடத்தை விரித்தார்.
பித்தளைக் கவராயத்தின் ஒரு காலை
எங்கள் துறைமுகத்தில் ஊன்றி
"சொல்லு" என்றார்.
முதல் பெயருக்கு ஐந்து எட்டு வைத்தது கவராயம்.
நான்காவதுக்குக் கரையேறி,
ஆழ எண்கள் இல்லாத வெறும் மஞ்சளில்
எங்கே மிதிப்பது என்று தெரியாமல் நின்றது.
ஆறாவதுக்கு விரியக்கூட இல்லை.
ஏழாவது ஒஹாயோ.
வரைபடம் முடிந்து மேசை வந்தது,
உப்புச் சாடி வந்தது, விளிம்பு வந்தது.
அப்பா கவராயத்தை மடக்கவில்லை.
அப்படியே எழுந்து
ஃப்ரிட்ஜ் வரை நடந்து
அதன் கதவில் முனையை வைத்தார்.
"இங்கேயா?"

"இன்னும் கொஞ்சம்."

பின்கதவைத் திறந்தார்.
குளிர் உள்ளே வந்தது.
"சூடெல்லாம் போகிறது, சாத்துங்கள்" என்றாள் அம்மா.
அவர் படியில் நின்று
இருட்டில் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஆறாவது பெயரை அடித்தேன்.
ரசீதைத் திருப்பிப் பார்த்தேன்:
இரைமீன், மூன்று பெட்டி.
பாக்கி, நூற்றுப் பத்து டாலர்.